கடலோரம் குடிபோகிறீர்களா? கரிசல்காட்டுக் குடும்பங்களுக்குப் பன்னிரண்டு குறிப்புகள்

எங்கள் கரிசல்காட்டில், குமாரலிங்கபுரம் பக்கம், மழை பொய்த்தால் பருத்தியும் கம்பும் சேர்ந்தே பொய்க்கும். பிள்ளைகள் படிப்புக்காகவும் வேலைக்காகவும் கடலோர ஊருக்குப் போகலாமா என்று யோசிக்கிற குடும்பங்களுக்கு நான் சொல்கிற ஊர் தூத்துக்குடி. 1974-ல் பெருந்துறைமுகமானது, 2008-ல் மாநகராட்சியானது. 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் தொழிற்சாலையும் திறந்துவிட்டார்கள். பிழைக்க வழி இருக்கிறது. ஆனால் சாயங்காலம் கடற்கரையில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வீடு பிடித்துவிடக் கூடாது. அங்கே குடிபோன அனுபவத்தில் சொல்கிறேன்.

1. தூரத்தைக் கணக்குப் போடுங்கள்: அருப்புக்கோட்டையில் பஸ் ஏறினால் பந்தல்குடி, எட்டயபுரம், குறுக்குச்சாலை வழியாக நான்குவழிச் சாலையில் சுமார் இரண்டு மணி நேரப் பயணம்தான். மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலுக்கு வந்து, மறுநாள் வேலைக்குத் திரும்பிவிடலாம். வயதான அப்பா அம்மாவை ஊரில் விட்டுப் போகிறவர்களுக்கு இந்தத் தூரம் முக்கியம்.

2. இரண்டு பருவத்தில் போய்ப் பாருங்கள்: நம் ஊர் வெயில் காய்ந்த வெயில். நிழலில் ஒதுங்கினால் வேர்வை ஆறிவிடும். கடலோரத்தில் வெயில் குறைவாகத் தெரிந்தாலும் வேர்வை ஆறாது, உடம்பு பிசுபிசுக்கும். ஆனி, ஆடியில் மேல்காற்று புழுதியை அள்ளிவரும். அதனால் கத்திரி வெயிலில் ஒருமுறை, ஐப்பசி கார்த்திகை மழையில் ஒருமுறை போய்த் தங்கிப் பாருங்கள். ஆஸ்துமா, மூட்டுவலி உள்ளவர்களையும் கூட்டிப்போய், அவர்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று கேளுங்கள்.

3. குழாயைத் திறந்து பாருங்கள்: மாநகராட்சிக் குடிநீர் வல்லநாட்டிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணீர். எத்தனை நாளைக்கு ஒருமுறை, எத்தனை மணிக்கு வரும் என்று வீட்டுக்காரரிடம் கேட்பதைவிடப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள். கடலை ஒட்டிய பகுதிகளில் போர்த் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. ஒரு பாட்டிலில் பிடித்துவந்து இரண்டு சோதனை செய்யுங்கள். கையில் சோப்புப் போட்டால் நுரைக்கிறதா? ஒரு கைப்பிடி துவரம்பருப்பு வழக்கமான நேரத்தில் வேகிறதா? பருப்பு விதைவிதையாக நின்று, பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்தால், அந்தத் தண்ணீர் சமையலுக்கு ஆகாது. குடிக்க, சமைக்க கேன் வாங்கும் செலவையும் வாடகையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

4. வெள்ளம் வந்த தடத்தைத் தேடுங்கள்: 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை அந்த ஊர் மறக்காது. அதே மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. நம் கரிசல்காட்டில் வருடம் முழுக்கப் பெய்கிற சராசரி மழைகூட அவ்வளவு வராது. தூத்துக்குடி நகரத்திலும் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. தெருமுனை மளிகைக்கடையில், "அந்த மழையில இங்க எம்புட்டு தண்ணி நின்னுச்சு அண்ணாச்சி?" என்று கேளுங்கள். கையால் அளவு காட்டுவார்கள். வாசல்படி தெருவைவிட உயரமா, பக்கிள் ஓடையோ வேறு வாய்க்காலோ பக்கத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. ஜன்னல் கம்பியைத் தடவிப் பாருங்கள்: உப்புக்காற்று இரும்பை அரிக்கும். விரலில் செம்பொடி ஒட்டினால் கதவுக் கீல், மீட்டர் பெட்டி, மாடிக் கைப்பிடி எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். குடிபோகும்போது இரும்பு பீரோவைத் தரையில் நேரே வைக்காமல் மரக்கட்டை மேல் வையுங்கள். தையல் மெஷினுக்கு அடிக்கடி எண்ணெய் விடுங்கள். தோசைக்கல், அரிவாள்மணையைக் கழுவியதும் துடைத்து நல்லெண்ணெய் தடவி வைத்தால் துரு ஏறாது.

6. வருடச் சாமானை மாதச் சாமானாக்குங்கள்: நம் வீடுகளில் வற்றல், மிளகாய், அப்பளம், புளி எல்லாம் வருடத்துக்கு வாங்கி வைப்போம். கடலோர ஈரக்காற்றில் அப்பளம் தொய்ந்துபோகும், மிளகாய் பூசணம் பிடிக்கும். ஊரிலிருந்து கொண்டுபோகும் மிளகாயை மாடியில் மறுபடி இரண்டு நாள் காயவைத்து, சூடு ஆறியபின் இறுக்கமான டப்பாவில் போடுங்கள். அசைத்தால் உள்ளே விதை கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும், அதுதான் பதம். உப்பு ஜாடியில் நாலு அரிசி போட்டால் நீர்விடாது. பொடி வகைகளைப் பதினைந்து நாளுக்கு மட்டும் அரையுங்கள்.

7. மீன் வாங்கப் பழகுங்கள்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன்தான் வரும், விலையும் கூடும். சனிக்கிழமை திரேஸ்புரத்தில் படகு வந்து ஏலம் நடக்கும்போது போனால் புது மீன் கிடைக்கும். செவுள் சிவந்து, கண் தெளிந்து, விரலால் அழுத்தினால் குழி விழாமல் இருப்பதை வாங்குங்கள்.

8. ஆஸ்பத்திரியும் படிப்பும்: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. தூய மரியன்னை கல்லூரி 1948-லும், வ.உ.சி. கல்லூரி 1951-லும், மீன்வளக் கல்லூரி 1977-லும் தொடங்கியவை. வீட்டிலிருந்து பிள்ளைகள் பஸ் மாறாமல் போகமுடியுமா என்று ஒருநாள் அதே பஸ்ஸில் போய்ப் பாருங்கள்.

9. முதல் வருடம் வாடகைக்கே இருங்கள்: தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. சாவி வாங்கும் அன்றே கரண்டு மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

10. மனை வாங்க அவசரப்படாதீர்கள்: விலை குறைவு என்று காட்டப்படும் இடம் பழைய உப்பளமாகவோ தண்ணீர் தேங்கும் பள்ளமாகவோ இருக்கலாம். வில்லங்கச் சான்று, பட்டா, மனை அங்கீகாரம் மூன்றையும் பாருங்கள். கடலிலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதி வரும். அங்கே வீடு கட்ட அனுமதி உண்டா என்று கேட்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

11. மனிதர்களைப் பாருங்கள்: மாலை ஆறு மணிக்கு அந்தத் தெருவில் நடந்துபோய் யாரிடமாவது வழி கேளுங்கள். கையை மட்டும் காட்டுகிறார்களா, கூட நாலடி வந்து காட்டுகிறார்களா என்று பாருங்கள். நாங்கள் பால் காய்ச்சிய மறுநாள் பக்கத்து வீட்டுக்குச் சாத்தூர் காராச்சேவு ஒரு கிண்ணம் கொடுத்தோம். கிண்ணம் வெறுமனே திரும்பவில்லை, முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் சேர்ந்த மக்ரூன் நிறைய வந்தது. ஜூலை 26-ல் பனிமய மாதா கோயிலில் கொடியேறினால் ஆகஸ்ட் 5 வரை எல்லா மதத்தவரும் கூடுவார்கள். அழைத்தால் போங்கள், நம் வீட்டுப் பொங்கலுக்கும் அவர்களைக் கூப்பிடுங்கள்.

12. காகிதங்களை முடித்துவிடுங்கள்: ரேஷன் கார்டு முகவரி, கேஸ் இணைப்பு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், வாக்காளர் பட்டியலுக்கான படிவம் 8 ஆகிய வேலைகளை முதல் மாதமே முடியுங்கள். ஊர் வீட்டைப் பூட்டியே போடாதீர்கள். ஆள் புழங்காத வீடு சீக்கிரம் இடிந்துவிடும். வெள்ளிக்கிழமை விளக்கேற்றச் சொந்தத்தில் யாரிடமாவது சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஒரு குடம் தண்ணீரின் அருமை தெரிந்து வளர்ந்தவர்கள் நாம். கடல் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக அந்தக் கணக்கை மறந்துவிடாதீர்கள். குழாயில் நல்ல தண்ணீரும், தெருவில் முகம் பார்த்துப் பேசுகிற மனிதர்களும் இருந்தால் அந்த ஊர் நம்மை வாழவைக்கும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு மழைநாளில் போய், அந்தத் தெருவை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்.