சனி கிரகத்துக்கு பஸ்ஸில் போனால்

நம்ம சுரக்குடிக்குப் பக்கத்துலதான் திருநள்ளாறு. 2023 டிசம்பர் 20 சனிப்பெயர்ச்சிக்கு வந்த கூட்டம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஆனால் நிஜமான சனி கிரகத்துக்கு மனிதன் போக முடியுமா?

சனி ஒரு ராசியில் இரண்டரை வருடம் இருக்கும்னு அப்பாயி சொல்லும். 12 ராசிக்கு 30 வருடம். சனி சூரியனை ஒரு தடவை சுற்ற சுமார் 29½ வருடம் ஆகிறது என்று அறிவியலும் சொல்கிறது. அப்பாயி கணக்கு சரிதான்!

இனி என் கணக்கு. சனி நமக்குக் கிட்டே வரும்போதே சுமார் 120 கோடி கி.மீ. தூரம். மணிக்கு 60 கி.மீ. ஓடும் பஸ் ராத்திரி பகல் நிற்காமல் போனால் 2 கோடி மணி நேரம். அதாவது சுமார் 2,280 வருடம். (முதலில் ஒரு சைபரை விட்டுவிட்டு 228 என்று போட்டேன். டீச்சர் சிரித்துவிட்டார்.) அதே பஸ் நிலாவுக்கு ஒன்பது மாதத்தில் போய்விடும். மனிதன் இதுவரை போனது நிலா வரைக்கும்தான். 2025இல் நம்ம சுபான்ஷு சுக்லா தங்கிய விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரம். இங்கிருந்து சென்னைக்குப் போவதைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே!

ராக்கெட் பஸ்ஸைவிட வேகம்தான். வாயேஜர் 1 விண்கலம் 1977இல் கிளம்பி 1980இல் சனிக்கிட்ட போனது. ஆனால் நம்ம ஸ்டாப்பில் நிற்காத எக்ஸ்பிரஸ் மாதிரி தாண்டிப் போயிடுச்சு. அங்கே நிற்கணும்னா எஞ்சினை எதிர்ப்பக்கம் எரித்து வேகத்தைக் குறைக்கணும். அதுக்கும் எரிபொருள் சுமக்கணும். நின்று சுற்றிய காசினி 1997 அக்டோபரில் கிளம்பி 2004 ஜூலையில்தான் போய்ச் சேர்ந்தது. மங்கள்யானும் 2014 செப்டம்பர் 24 அன்று இப்படித்தான் செவ்வாயில் வேகம் குறைத்தது. அங்கே சிக்னல் போகவே சுமார் 12 நிமிடம். அதனால் கட்டளைகளை முன்னாடியே அனுப்பி வைத்துவிட்டார்கள்.

இயந்திரத்துக்குச் சோறு வேண்டாம். மனிதனுக்குச் சோறு, தண்ணீர், மூச்சுக்காற்று எல்லாம் வேணும். ரஷ்யாவின் போல்யாகோவ் 1994-95இல் ஒரேயடியாக 437 நாள் விண்வெளியில் இருந்தார். சனிக்குப் போகவே சுமார் 2,450 நாள்!

எனக்கு ஆசைதான். காசினி மாதிரி இன்னைக்குக் கிளம்பினால் அங்கே சேரும்போது எனக்கு 21 வயது. திரும்பும்போது 28. அங்கிருந்து "சாப்டியா அப்பாயி?"ன்னு கேட்டால் அது இங்கே வர ஒரு மணி நேரத்துக்கு மேல். பதில் எனக்கு வர இன்னும் அவ்வளவு நேரம். அப்பாயிக்கு இப்ப 71. இந்தக் கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துச்சு. அப்புறம், "85 ஆயிடும்டி. நீ போயிட்டு வா, இருந்தா பாக்குறேன்"னு சொல்லுச்சு.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி