பேழைக்குப் பூட்டு, கோயிலுக்குத் திறந்த கதவு

குரோம்பேட்டை

அன்புள்ள பாப்பா,

வேலைக்குப் போகிற பெண்ணை இன்னும் பாப்பா என்றா கூப்பிடுவது என்று உன் அம்மா கேட்பாள். சித்தப்பாவுக்கு வேறு பெயர் வாயில் வராது.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய நீளமான செய்தியைப் படித்தேன். பங்குப் பேரவையில் இளைஞர் பிரதிநிதியாகச் சேர்ந்த கையோடு உண்டியல் உடைப்பு வந்து உன் தலையில் விழுந்திருக்கிறது. காலைப் பூசை முடிந்ததும் கோயிலைப் பூட்டிவிடலாம் என்கிறார் ஒருவர். வாசலில் 'அந்நியர் உள்ளே வரக்கூடாது' என்று பலகை மாட்டலாம் என்கிறார் இன்னொருவர். கோயில் திறந்திருக்க வேண்டாமா என்று கேட்ட உன்னை, சின்னப் பெண், உலகம் தெரியாது என்று உட்கார வைத்துவிட்டார்கள். வங்கியில் பெட்டகச் சாவியோடு காலம் தள்ளியவன் என்பதால் என்னிடம் கேட்கிறாய். போனில் சொன்னால் பாதி காற்றில் போய்விடும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் பேரவையில் காட்ட உனக்கு ஒரு சட்டம் தருகிறேன். 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பை எடுத்து 937-ஆம் சட்டத்தைப் பார். நற்கருணை வைத்திருக்கும் கோயில், கடுமையான காரணம் இருந்தாலொழிய, தினமும் சில மணி நேரமாவது மக்கள் வந்து செபிக்கத் திறந்திருக்க வேண்டும் என்கிறது. அதை ஒட்டி வரும் 938, நற்கருணைப் பேழை அசைக்க முடியாததாக, உறுதியான பொருளால் செய்ததாக, பூட்டியதாக இருக்க வேண்டும், அதன் சாவியை மிகுந்த கவனத்தோடு காக்க வேண்டும் என்கிறது. கதவைத் திற, பேழையைப் பூட்டு. அடுத்தடுத்த இரண்டு எண்கள். உங்கள் பேரவை இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது.

கதவு திறந்திருக்கிறதே என்று திருடன் வருவதில்லை. உள்ளே பணம் தங்குகிறது, ஆள் தங்குவதில்லை. இந்த இரண்டும் சேர்ந்து தெரிந்தால் வருகிறான். பகல் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் கோயில் அவனுக்கு வசதிதான். உள்ளே யாரும் வரமாட்டார்கள் என்ற உத்தரவாதத்தை நாமே எழுதிக் கொடுத்த மாதிரி. இங்கிலாந்தில் தேவாலயங்களுக்குக் காப்பீடு செய்யும் எக்ளீசியாஸ்டிக்கல் என்ற நிறுவனமே பகலில் கோயிலைத் திறந்து வையுங்கள் என்றுதான் சொல்கிறது. நஷ்டம் வந்தால் தன் பணத்தை எடுத்துக் கொடுக்க வேண்டியவன் சொல்வதைப் பேரவையில் நம்புவார்கள்.

ஆகவே முதல் வேலை, பணத்தைத் தங்க விடாதே. உண்டியலை மாதம் ஒருமுறை திறப்பது பெரிய தவறு. ஞாயிறு பூசை முடிந்ததும் திறக்கட்டும். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாளுக்குக் கூட்டம் வருகிற கோயில் என்றால் அன்று இரவும் திறக்கட்டும். வங்கியில் பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு ஆள். ஒருவர் தனியாகத் திறக்கவே முடியாது. உண்டியலுக்கும் அப்படி இரண்டு பூட்டுப் போடு. ஒரு சாவி பங்குத்தந்தையிடமும் மற்றது பேரவைப் பொருளாளரிடமும் இருக்கட்டும். எண்ணுவதற்கு மூன்று பேர், அதுவும் ஒரே குடும்பத்தார் இல்லாமல். எண்ணிய தொகையை நோட்டில் எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டு, மறுநாளே வங்கியில் கட்டிவிட வேண்டும். உண்டியல் வாயில் ஒட்டும் பசை தடவிய குச்சியை விட்டு நோட்டை இழுப்பது பழைய வித்தை. வாய்க்குக் கீழே உள்பக்கம் சரிவாக ஒரு தகடு வைத்து வெல்டிங் செய்தால் குச்சி இறங்காது. பெட்டியைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கு. 'உடனுக்குடன் காலி செய்யப்படும்' என்று அதன்மேல் எழுதி வைப்பதும் நல்லது, எழுதியபடி நடந்தால்.

இப்போது காணிக்கைக்கு க்யூஆர் அட்டையும் வந்துவிட்டது. அதன்மேல் தன்னுடைய ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பூட்டு உடையாது, சத்தம் வராது, பணம் மட்டும் வேறு கணக்குக்குப் போகும். அட்டையைக் கண்ணாடிக்கு உள்ளே வை. அவ்வப்போது ஒரு ரூபாய் அனுப்பி, யார் பெயர் வருகிறது என்று பார்.

இந்த இரண்டு சாவி ஏற்பாட்டைச் சொன்னதும் யாராவது, "எங்கள்மேல் சந்தேகமா?" என்று கோபிப்பார்கள். எந்த ஊரிலும் கோயிலில் பணம் காணாமல் போனால் முதல் சந்தேகம் யார்மேல் விழுகிறது, யோசித்துப் பார். மணி அடிக்கிற, கூட்டிப் பெருக்குகிற, சக்ரீஸ்துவில் மெழுகுவர்த்தி எடுத்து வைக்கிற மனிதர்மேல். குறைந்த சம்பளம், எல்லாக் கதவுக்கும் சாவி, எதிர்த்துப் பேச நாதியில்லை. அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டு, பிறகு வேறு யாரோ என்று தெரிந்தால் அந்த அவமானத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது? கணக்கு ஒழுங்காக இருக்கிற இடத்தில் நேர்மையானவன்மேல் பழி விழாது. இரக்கத்தை அங்கிருந்து தொடங்கு. உன் செய்தியில் அவரைப் பற்றி யாரோ முணுமுணுத்ததாக ஒரு வரி இருந்தது. அந்த முணுமுணுப்பை நீ யாருக்கும் கடத்தாதே.

அடுத்தது பொருள்கள். பூசைப் பாத்திரம், கதிர்பாத்திரம், மாதாவின் கிரீடம், பழைய மரச் சுரூபங்கள் என்று உங்கள் கோயிலில் என்னென்ன இருக்கின்றன என்று யாரிடமாவது பட்டியல் இருக்கிறதா? ஒவ்வொன்றையும் நாலு பக்கமும் படம் எடு. உயரம், எடை, கீறல், அடியில் பொறித்த பெயர் எல்லாவற்றையும் குறித்து ஒரு பிரதியை மறைமாவட்ட அலுவலகத்தில் கொடுத்து வை. இதன் அருமைக்குத் தஞ்சாவூரில் நடந்ததைச் சொல்கிறேன். சீகன்பால்கு தரங்கம்பாடியில் அச்சிட்ட 1715-ஆம் ஆண்டுத் தமிழ்ப் புதிய ஏற்பாட்டுப் பிரதி ஒன்று, சரபோஜி மன்னரின் கையெழுத்தோடு சரசுவதி மகால் நூலகத்தில் இருந்தது. 2005 அக்டோபரில் காணாமல் போனது. உள்ளூர்ப் போலீசால் கண்டுபிடிக்க முடியவில்லை. பல ஆண்டுகள் கழித்து சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு வழக்கைக் கையில் எடுத்து, வருகைப் பதிவேட்டைப் புரட்டி, வெளிநாட்டு அருங்காட்சியகங்களின் இணையதளங்களைத் தேடி, 2022-இல் லண்டனில் ஒரு சேகரிப்பில் அது இருப்பதைக் கண்டுபிடித்தது. அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் இது நம்முடையது என்று எதைக் காட்டிச் சொல்வது? ஆக, அடையாளமும் பதிவேடும்தான் பதினேழு வருடம் கழித்தும் பேசின. மாதாவுக்குக் காணிக்கையாக வந்த தங்கத்தை வங்கி லாக்கரில் வைத்துவிட்டு, திருவிழாவன்று மட்டும் எடுங்கள். மற்ற நாளில் கவரிங் போதும். மாதா ஒன்றும் சொல்லமாட்டாள்.

பேழைச் சாவியை பீடத்துணிக்கு அடியிலோ சக்ரீஸ்து மேசையின் முதல் இழுப்பறையிலோ வைப்பது நம் பக்கத்துப் பழக்கம். திருடனுக்கும் அது தெரியும்.

கேமரா பற்றி நீ நிறைய எழுதியிருக்கிறாய். ஏ.கே. விஸ்வநாதன் சென்னை ஆணையராக இருந்தபோது 'மூன்றாவது கண்' என்று தெருவெங்கும் கேமரா வைக்கச் சொன்னார்கள், உண்மையிலேயே பயன்பட்டது. ஆனால் பதிவுப் பெட்டியை கேமராவுக்குப் பக்கத்திலேயே வைத்தால் திருடன் அதையும் கழற்றிக்கொண்டு போவான். பெட்டியை வேறு அறையில் பூட்டி வை. தேதியும் நேரமும் சரியாக ஓடுகிறதா, இரவில் முகம் தெரிகிறதா என்று மாதம் ஒருமுறை பார். வாசல், உண்டியல், சக்ரீஸ்து கதவு, இவ்வளவு போதும். பாவசங்கீர்த்தனம் கேட்கும் இடத்தைப் பார்த்து ஒருநாளும் வைக்காதே. கெபியில் முழங்காலிட்டு அழுகிறவளின் முகத்தைப் பதிவு செய்வதும் எனக்குப் பிடிக்காது.

கேமராவைவிட நான் நம்புவது மனிதரை. உங்கள் தாம்பரம் பக்கத்தில் அந்நியர் என்று யாரைச் சொல்வாய்? சானடோரியம் நெஞ்சக மருத்துவமனையில் கணவரைச் சேர்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் திருவண்ணாமலைப் பெண் அந்நியர். தென்மாவட்ட ரயிலுக்கு இன்னும் நாலு மணி நேரம் இருக்கிற குடும்பம் அந்நியர். அடுக்குமாடி கட்ட வந்த ஒடிசாப் பையன், செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிற இந்துப் பாட்டி எல்லாரும் அந்நியர்தான். பலகை மாட்டினால் இவர்கள் தயங்கி நிற்பார்கள். திருடன் படிக்கக்கூட நிற்கமாட்டான். அதற்குப் பதிலாக, அன்பியத்துக்கு ஒரு நாள் என்று முறை வைத்து, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கு ஒரு மணி நேரம் வாசல் பக்கத்துப் பெஞ்சில் செபமாலையோடு உட்காரட்டும். யார் வந்தாலும் எழுந்து, "வாங்க, உட்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று முகம் பார்த்துக் கேட்கட்டும். துயரத்தோடு வந்தவருக்கு அது ஆறுதல். வேறு எண்ணத்தோடு வந்தவனுக்கு, தன் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டார் என்ற செய்தி. ஒரே வார்த்தை இரண்டு வேலையும் செய்கிறது. இரவுக்கு மட்டும் ரோந்துப் போலீஸ் வந்து கையெழுத்துப் போடும் பட்டா புத்தகத்தை உங்கள் கோயில் வாசலிலும் வைக்கச் சொல்லிக் காவல் நிலையத்தில் கேளுங்கள். பூசையில் நன்மை வாங்க எழுந்து போகும்போது கைப்பையைப் பெஞ்சிலேயே விட்டுப் போகிற அம்மாக்களுக்கு வாரம் தவறாமல் மைக்கில் சொல்ல வேண்டும். சொன்னாலும் விட்டுவிட்டுத்தான் போவார்கள்.

இனி இரக்கத்துக்கு வருகிறேன். பசித்தவன் எடுத்தால் மன்னித்துவிட வேண்டாமா என்று கேட்டிருக்கிறாய். 'ஏழை படும் பாடு' படத்தை உன் தாத்தா சொல்லிக்கொண்டே இருப்பார். 1950-இல் கே. ராம்நாத் இயக்கியது, விக்டர் ஹ்யூகோவின் கதை, நாகையா கந்தனாக நடித்தார். விடாமல் துரத்தும் போலீஸ் அதிகாரியாக வந்த சீதாராமனுக்கு ஜாவர் என்பது பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஹ்யூகோவின் நாவலில் வெள்ளிப் பாத்திரத்தைத் திருடியவனுக்கு ஆயர் வெள்ளி விளக்குத் தண்டுகளையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார். எல்லோரும் அந்தத் தண்டுகளை நினைவு வைத்திருக்கிறார்கள். ஆனால் அவை ஆயரின் சொந்தச் சொத்து, உறவுக்காரப் பாட்டி வழியாக வந்தவை. அவர் கொடுத்தது தன்னுடையதை. உண்டியல் பணம் உன்னுடையதா, என்னுடையதா? வீட்டு வேலை செய்கிற ஒருத்தி போட்ட பத்து ரூபாயும் அதில் இருக்கிறது. ஒரு நோக்கத்துக்காகக் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கே செலவிட வேண்டும் என்று 1267-ஆம் சட்டம் சொல்கிறது. பேரவைக்காரர்கள் காவலாளிகள். அடுத்தவர் காணிக்கையை எடுத்து வள்ளலாக முடியாது.

அதனால் இரக்கத்துக்கென்று தனியாக ஒரு ஏற்பாடு வேண்டும். வின்சென்ட் தே பவுல் சபையினர் என்றைக்கு, எத்தனை மணிக்கு இருப்பார்கள் என்று வாசலில் எழுதி வை. அந்தோணியார் பெயரில் உணவுக்கென்று தனிப் பெட்டி வை. கேட்டு வாங்க ஒரு வழி இருக்கிற இடத்தில் எடுத்துப் போகிற தேவை குறையும். ஊருக்குப் போகக் காசில்லை என்று வருபவர் தாம்பரத்தில் நிறைய. காசு கொடுக்காதே, கூட நடந்து போய் நாகர்கோவில் அந்த்யோதயாவுக்கு முன்பதிவில்லாத டிக்கெட் எடுத்துக் கொடு. உண்மையானவர் கைகூப்புவார். மற்றவர் பாதி வழியில் காணாமல் போவார், அதற்காக நீ கோபப்பட வேண்டியதில்லை.

ஒருவனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டால், அடிக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. 2018 பிப்ரவரியில் கோயம்புத்தூருக்கு அந்தப் பக்கம் அட்டப்பாடியில், அரிசி திருடினார் என்று மது என்ற பழங்குடி இளைஞரைக் கட்டிவைத்து அடித்தார்கள், கூடவே செல்ஃபியும் எடுத்தார்கள். அவர் அன்றே இறந்தார். 2023-இல் 14 பேர் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்த்தது. பொதுமக்கள் பிடித்து வைத்தவரை ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று இப்போதைய நடைமுறைச் சட்டமே சொல்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் சொல்லிவிடு.

புகார் கொடுப்பது இரக்கத்துக்கு எதிரானது என்று நினைக்காதே. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 305-ஆம் பிரிவின் தலைப்பிலேயே வழிபாட்டுத் தலம் இருக்கிறது. ஏழாண்டு வரை சிறை. ஆனால் 303-ஆம் பிரிவில் இன்னொன்றும் சேர்த்திருக்கிறார்கள். திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குள், முதல் முறை தண்டனை, பொருளையும் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றால் சமூக சேவைதான் தண்டனை. எது பொருந்தும் என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். மன்னிப்புக்கு உங்கள் பங்குத்தந்தை அவனைப் போய்ப் பார்த்தால் போதும், வழக்கை மறைக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. 2015 பிப்ரவரியில் டெல்லி வசந்த் குஞ்ச் அல்போன்சா ஆலயத்தை உடைத்து நற்கருணையை அவமதித்தபோது, உண்டியலைத் தொடவில்லையே, இது வெறும் திருட்டா என்று பங்கு மக்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அப்படிக் கேட்கவும் தடயம் கலையாமல் இருக்க வேண்டும். உடைந்த இடத்தைப் போலீஸ் வந்து படம் எடுக்கும் முன் கூட்டிப் பெருக்காதீர்கள். யார், எதற்கு என்று தெரியும் முன் இன்ன மதத்தார், இன்ன ஊர்க்காரர் என்று எந்த வாட்ஸ்அப் குழுவிலும் எழுதாதீர்கள்.

அடுத்த கூட்டத்தில் எழுந்ததும் ஒரே ஒரு கேள்வி கேள். கோயில் சாவி மொத்தம் எத்தனை, யார் யாரிடம் இருக்கின்றன? அந்தப் பட்டியல் எழுத்தில் வரும்வரை வேறு எதையும் பேச விடாதே. பலகை மாட்டித்தான் தீருவோம் என்றால் மாட்டட்டும். கோயில் திறந்திருக்கும் நேரத்தை அதில் எழுதச் சொல்.

அன்புடன்,
சித்தப்பா