சேர்க்கை குறைந்தால் மூன்றாம் வகுப்பைப் பாருங்கள்

ஜூன் மாதச் சேர்க்கை மந்தமானதும் பள்ளித் தாளாளர்களுக்கு ஆகஸ்ட் 1 பற்றிய கவலை வந்துவிடும். அன்றைய மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தானே பணியாளர் நிர்ணயம் (எத்தனை ஆசிரியர் பணியிடங்கள் என்ற அரசுக் கணக்கு) நடக்கிறது? பிள்ளைகள் குறைந்தால் ஓர் இடம் உபரி (தேவைக்கு மிஞ்சியது) ஆகிவிடும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் அரசு உதவிபெறும் கிறிஸ்தவப் பள்ளிகளை நடத்துவோர் இந்தக் கவலையில் அவசர முடிவு எடுக்க வேண்டாம்.

சேர்க்கை குறைய, தெருவுக்குத் தெரு மெட்ரிக் பள்ளி வேன் வருவது ஒரு காரணம். பிறப்பு விகிதம் குறைந்தது இன்னொன்று. இரண்டும் நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது மூன்றாவது. பொதுத்தேர்வுத் தேர்ச்சிக்குப் பெயர்போன விருதுநகர் மாவட்டத்தில் நிர்வாகத்தின் கண் முழுவதும் பத்தாம் வகுப்பிலேயே இருக்கும். தொடக்க வகுப்புகளை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. 1850களில் மிஷனரி ராக்லண்ட் ஐயர் சிவகாசிப் பக்கம் ஊழியம் செய்த நாளிலிருந்து இங்கே சபையும் வாசிப்பும் சேர்ந்தே வளர்ந்தவை. அந்த வாசிப்பிலேயே இன்று ஓட்டை விழுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மாற்றுச் சான்றிதழ்ப் பதிவேட்டை எடுத்து, மூன்று ஆண்டுகளில் எந்த வகுப்பில் பிள்ளைகள் அதிகம் விலகினார்கள் என்று எண்ணுங்கள். ஐந்தாம் வகுப்பு முடித்தவர்கள் உங்கள் உயர்நிலைப் பள்ளிக்கே வராவிட்டால், அதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டாம்.

பிறகு மூன்றாம் வகுப்புக்குப் போங்கள். பாடநூலில் இல்லாத ஐந்தாறு வரிகளை எழுதி, ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து வாசிக்கச் சொல்லுங்கள். பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளை இங்கே இரண்டாவது வரியிலேயே திணறும். எழுத்து மட்டும் தெரிந்தவர், சொல் கூட்டுபவர், வரி வாசிப்பவர் என்று மூன்று பட்டியல் போடுங்கள். காலையில் நாற்பது நிமிடம், வகுப்பைக் கலைத்து, இந்தப் பட்டியல்படி உட்காரவைத்து வாசிக்கப் பழக்க வேண்டும். பள்ளியின் மிகச் சிறந்த ஆசிரியரை இங்கே அனுப்புங்கள். பத்தாம் வகுப்பு ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

பெற்றோர் கூட்டத்தை வேலைநாள் காலை பத்து மணிக்கு வைத்துவிட்டு, "யாரும் வரவில்லை" என்று சொல்வதில் நியாயமில்லை. ராஜபாளையத்தில் மில் ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்கு ஏற்ற நேரமாகப் பாருங்கள். அங்கே பிள்ளையை வாசிக்கவைத்துக் காட்டுங்கள்.

பெயர்ப்பலகையில் "ஆங்கில வழி" என்று எழுதிவிட்டால் கூட்டம் வரும் என்பது பலர் சொல்லும் கைமருந்து. உதவிபெறும் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்வழியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் மாணவியருக்குப் புதுமைப்பெண், மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. ஆங்கில வழிக்கு மாறினால் அதை இழக்கப்போகிறோம் என்று எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? காலை உணவுத் திட்டமும் ஊரகப் பகுதி உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு 2024 ஜூலையிலும், நகர்ப்புறப் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்டிலும் வந்துவிட்டது. சேர்க்கைக்கு வீடு வீடாகப் போகும்போது இவற்றைச் சொல்லுங்கள். பள்ளிக்கே வராத பிள்ளையின் பெயரை எமிஸில் (அரசின் மாணவர் பதிவுத் தளம்) ஏற்றிப் பணியிடத்தைக் காப்பாற்றலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அது மோசடி, தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குப் பள்ளி நடத்தும் உரிமையைத் தருகிறது. 28(3) இன்னொன்றையும் சொல்கிறது: பெற்றோர் சம்மதமின்றி எந்தப் பிள்ளையையும் சமய போதனைக்கோ வழிபாட்டுக்கோ கட்டாயப்படுத்தக் கூடாது. சேர்க்கையின்போதே எழுத்தில் சம்மதம் வாங்கிவையுங்கள். தராதவரின் பிள்ளைக்கு அந்த நேரத்தில் நூலகத்தைத் திறந்துவிடுங்கள்.

ஆசிரியர் தகுதித் தேர்வு பற்றியும் கலக்கம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 1 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தத் தேர்வு கட்டாயமா என்ற கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. வதந்தியை நம்பி யாரும் பதற வேண்டாம். இளம் ஆசிரியர்கள் எப்படியும் எழுதித் தேறிவிடுவது நல்லது.

காலாண்டு விடுமுறைக்கு முன் அதே வாசிப்புச் சோதனையை வேறு வரிகளைக் கொண்டு மறுபடி நடத்துங்கள். மூன்று பட்டியல்களையும் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில், வரவு செலவுக் கணக்குக்கு முன்பாகவே வையுங்கள்.