குருந்துக்கு ஓர் இடம் விடு

ஆலங்குடி பக்கம்,
வைகாசி 28

அன்புள்ள மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ அனுப்பிய படங்களைப் பெரியம்மா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஊரப்பாக்கத்தில் சொந்த வீடு, அதற்கு முன்னால் ஒரு சென்ட் திறந்த மண். உன் அப்பன் இருந்திருந்தால் அந்த மண்ணைத்தான் முதலில் தொட்டுப் பார்த்திருப்பான்.

கடைசிப் படத்தில் தோட்ட வேலைக்காரர் எழுதிக்கொடுத்த தாள் இருந்தது. மெக்சிகன் புல்தரை, சுவரை ஒட்டி கோனோகார்பஸ் வரிசை, நடுவில் குரோட்டன்ஸ். அடுத்த வாரம் ஜேசிபி வந்து எல்லாவற்றையும் வழித்துச் சமப்படுத்தும் என்றும் எழுதியிருந்தாய். அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. போனில் சொன்னால் "சரி பெரியப்பா" என்பாய், பேச்சு அத்தோடு போய்விடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கோனோகார்பஸ் வேண்டவே வேண்டாம், தாயி. சடசடவென்று வளரும், வெட்ட வெட்டத் தழைக்கும் என்பதற்காக அதை விற்கிறார்கள். அதன் வேர் ஈரத்தைத் தேடிக் குடிநீர்க் குழாயையும் சாக்கடைக் குழாயையும் துளைத்துக்கொண்டு போகும். குஜராத்தில் 2023-ல் தடை போட்டார்கள். 2025-ல் நம் அரசும் தடை செய்தது. அப்புறமும் அது உன் தாளில் எப்படி வந்தது என்று அவரைக் கேள். உண்ணிச்செடியும் ஒருகாலத்தில் வெள்ளைக்காரர்களின் தோட்டத்துக்கு அழகுக்காக வந்ததுதான். இன்றைக்கு முதுமலைக் காட்டில் மான் மேய வேண்டிய இடத்தையெல்லாம் அது மூடிக்கொண்டு நிற்கிறது.

இப்படிச் சொல்வதால் வெளியிலிருந்து வந்த எதுவுமே ஆகாது என்று நினைத்துவிடாதே. மிளகாய், தக்காளி, பப்பாளி, கொய்யா எல்லாம் கடல் தாண்டி வந்தவைதான். அவை வைத்த இடத்தில் நிற்கும், நமக்கும் அணிலுக்கும் சோறு போடும். ஒரு செடியை வைக்கும்முன் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இதை யார் தின்பார்கள்? உன் தாளில் உள்ள எந்தச் செடிக்கும் என்னிடம் பதில் இல்லை. ஒரு புழுகூட அண்டாது என்று அவர் அதைப் பெருமையாகச் சொல்லியிருப்பார். புழு இல்லாத இடத்துக்குத் தையல்சிட்டு எதற்கு வரும்?

எனக்கு இது புரியவே ஐம்பது வயதாயிற்று. நம் கொல்லையில் அவரைப் பந்தல் போட்டிருந்தபோது கொழுந்தெல்லாம் அசுவினி அப்பியது. மருந்துக்கடையில் கேட்டு ஒரு விஷத்தை வாங்கி அடித்தேன். அசுவினியோடு, இலைமேல் ஊர்ந்துகொண்டிருந்த கறுப்புப் புழுக்களும் செத்து விழுந்தன. குட்டி முதலை மாதிரி உடம்பு, முதுகில் ஆரஞ்சுப் புள்ளி. அவையும் செடியைத் தின்ன வந்தவை என்றே நினைத்துச் சந்தோஷப்பட்டேன். பத்து நாளில் அசுவினி முன்னைவிட அதிகமாக வந்தது. அந்தக் கறுப்புப் புழு பொறிவண்டின் குஞ்சு, அசுவினியைத் தின்னத்தான் வந்திருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. காவலுக்கு வந்தவனை நானே கொன்றிருக்கிறேன். அந்த வருஷம் ஒரு கூடை அவரைகூடத் தேறவில்லை.

பெரிய அளவிலும் இதே கதைதான். 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது உனக்கு நினைவிருக்காது, சின்னப் பிள்ளை நீ. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று கண்டதிலெல்லாம் வெள்ளையாக அப்பிக்கொண்டது. அதன் மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் அடித்த மருந்து உள்ளே இறங்கவில்லை. கடைசியில் 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுள்ள ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். மாவுப்பூச்சியை அடக்கியது அந்தக் குளவிதான்.

உன் வேலையைக் கறிவேப்பிலையில் தொடங்கு. கன்று இடுப்பளவு வந்ததும் இலைமேல் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். கழுவிவிடாதே, குனிந்து பார். அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. காக்கை குருவி கண்ணில் படாமலிருக்க எச்சம் போலவே வேஷம் போட்டிருக்கிறது. சில நாளில் தோலுரித்து இலைப் பச்சைக்கு மாறும். ஒரு துரும்பால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு மாதிரி ஒன்றை நீட்டும், ஒரு காட்டமான வாடை அடிக்கும். நாலைந்து கொத்து இலை போகும். போகட்டும். மரம் மறுபடி துளிர்க்கும், உன் ரசத்துக்கு ஒரு குறையும் வராது. உன் மகனை அந்தச் செடிக்கு முன்னால் பத்து நாள் உட்காரவை.

அளவு மீறிப் போனால் மட்டும் கை வை. நல்ல வேப்பங்கொட்டைப் பருப்பு ஐம்பது கிராம் இடித்து, துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறப்போடு. மறுநாள் பிழிந்து வடிகட்டி, இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் காதி சோப்பு கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளி. தேனீ வருகிற காலை நேரத்தில் தெளிக்காதே.

இப்போது மண். படத்தில் பார்த்தால் கட்டுமானக் கழிவும் சிமெண்ட் தூளும் கலந்த கிராவல் மாதிரித் தெரிகிறது. பெரிய கல்லையும் பிளாஸ்டிக்கையும் கையால் பொறுக்கு. சுவரோரம் துத்தி, கீழாநெல்லி, தும்பை எல்லாம் முளைத்திருக்கிறதே, அதை எடுத்துப்போடவா ஜேசிபி? அவ்வளவு மோசமான மண்ணிலும் தானாக வந்து நிழல் கட்டிக்கொண்டிருக்கும் செடிகள் அவை. தும்பைப் பூவுக்கு வருகிற சின்னத் தேனீயை நீயே பார்க்கலாம்.

ஆடி பிறந்ததும் பலதானியம் விதை. நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய்ச் சொன்ன முறை இது. தானியத்தில் நாலு, பயறில் நாலு, எண்ணெய் வித்தில் நாலு, மணப்பொருளில் நாலு, பசுந்தாளில் நாலு, மொத்தம் இருபது விதை. சோளம், கம்பு, உளுந்து, எள், கொத்தமல்லி, தக்கைப்பூண்டு என்று கிடைப்பதைக் கலந்து தூவு. அறுபது நாளில் பூவெடுக்கும்போது அப்படியே மடக்கி மண்ணுக்குள் மிதித்துவிடு. மேலே சருகால் மூடாக்குப் போடு. மண் வெயிலைப் பார்க்கவே கூடாது. ஐப்பசி மழைக்குள் விரல் வைத்தால் இறங்குகிற மண் கிடைக்கும். உரக்கடைக்கே போக வேண்டாம், வீட்டுக் காய்கறிக் கழிவும் சாணமும் போதும்.

பிறகு நடு. வேலிக்கு நொச்சியும் ஆடாதொடையும், இரண்டையும் ஆடு கடிக்காது. வெயில் அடிக்கிற மூலையில் ஆவாரை. கேட்டின்மேல் சங்குப்பூ. ஒரு மகிழம் வைத்தால் அது மெதுவாகத்தான் வரும், நீ கிழவியான பிறகும் நிழல் தரும். மற்றதை உன் விருப்பம் போலச் செய்.

தெற்கு மூலையை மட்டும் எனக்காக விட்டுவை. அது குருந்துக்கு. சின்ன வயதில் அய்யனார் கோயில் காட்டில் பச்சைப் பழம் பறித்தாயே, அந்த மரம். ஆவுடையார்கோயிலில் தல விருட்சமும் அதுதான். நம் கோயில்காட்டுக்கு யாரும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதில்லை. காய்ந்த சுள்ளியைக்கூட எடுக்கமாட்டோம். உலக்கைப்பாலை, வீரை, காயா, குருந்து எல்லாம் சித்திரை வெயிலிலும் இலை உதிர்க்காமல் நிற்கும், இலை அவ்வளவு தடிப்பு. இந்தக் காடு உனக்கு அந்நியமில்லை. கடலோரமாக நம் பக்கமிருந்து சென்னை வரைக்கும் இருந்ததன் மிச்சம்தான் கிண்டிப் பூங்காவுக்குள்ளும் நிற்கிறது. 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது செம்மண் பொட்டலாகக் கிடந்த இடத்தில் காடு வளர்த்தவர்களும் பிறகு இந்த மரங்களைத்தான் விதை விதையாகத் தேடிப் போனார்கள். குருந்து எலுமிச்சை இனம், உன் கறிவேப்பிலைக்கு வருகிற பட்டாம்பூச்சிகளின் உறவுக்காரர்கள் அதற்கும் வருவார்கள்.

போன வருஷம் விழுந்த பழத்தின் விதையிலிருந்து இரண்டு கன்று வளர்த்து வைத்திருக்கிறேன். இப்போது ஒரு சாண் உயரம். ஐப்பசி முதல் வாரம் ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவருகிறேன். அதுவரை ஜேசிபியை கேட்டுக்குள் விடாதே, ஆத்தா.

அன்புடன்,
பெரியப்பா