உப்புக் காற்றில் ஓடும் டீசல் வண்டிக்கு எந்த ஸ்கேனர்?

வேதாரண்யம், அகஸ்தியன்பள்ளி உப்பளங்களிலிருந்து உப்பு ஏற்றிச் செல்லும் லாரிகள், கோடியக்கரையில் அக்டோபர் முதல் மார்ச் வரை நீளும் மீன்பிடிப் பருவத்தில் ஓடும் சிறு சரக்கு வண்டிகள், குறுவை, சம்பா அறுவடைகளில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களிலிருந்து மூட்டை ஏற்றும் லாரிகள் ஆகிய மூன்றும் ஒரே சாலைகளில் ஓடினாலும், அவற்றின் என்ஜின் தரவைப் படிக்க ஒரே கருவி போதாது. வண்டியின் வயது, மின்னழுத்தம், என்ஜின் கணினி பேசும் மொழி, கிடைத்த தரவைக் கொண்டு செய்யவிருக்கும் வேலை ஆகிய நான்கையும் பார்த்தே ஸ்கேனரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடலோர வண்டிகளுக்கு ஐந்தாவது அளவுகோல் ஒன்றும் உண்டு: கருவி எத்தனை எரர் கோடுகளை அறியும் என்பதைவிட, சென்சாரின் அளவு மாறுவதை மாறும் நொடியிலேயே காட்டுமா என்பதுதான் இங்கு முதன்மையானது.

போர்ட்டும் அதன் மொழியும்

என்ஜினில் உள்ள சென்சார்கள் வெப்பம், அழுத்தம், சுழற்சி வேகம் முதலியவற்றை மின்குறிகளாக மாற்றி, ஈசியு எனப்படும் கட்டுப்பாட்டுக் கணினிக்கு அனுப்புகின்றன; ஈசியு அவற்றை எண்களாக்கி, கேன் எனப்படும் இரட்டைக் கம்பித் தடத்தில் வெளியிடுகிறது. வெளிக்கருவி அத்தடத்தோடு இணைவதற்கான வாயிலே ஓபிடி போர்ட். நாடு முழுவதும் பிஎஸ் 4 புகைமாசு விதிகள் 2017 ஏப்ரல் 1 முதலும், பிஎஸ் 6 விதிகள் 2020 ஏப்ரல் 1 முதலும் நடைமுறைக்கு வந்தபின் இந்த மின்னணு ஏற்பாடு கனரக வண்டிகளிலும் பொதுவாயிற்று. அவற்றுக்கு முந்தைய, இயந்திர முறை டீசல் பம்ப் கொண்ட லாரிகளில் படிப்பதற்கு ஈசியு தரவு இல்லாததால் ஸ்கேனர் வாங்குவது வீண் செலவு.

‘குட்டி யானை’ போன்ற சிறு வண்டிகள் 12 வோல்ட்டில் இயங்கி, கார்களுக்குரிய ஓபிடி 2 முறையைப் பின்பற்றுகின்றன. அதில் கருவி கேட்டால்தான் ஈசியு பதில் தரும். பெரிய லாரிகள் 24 வோல்ட்டில் இயங்குகின்றன. அவற்றில் பரவலாக உள்ள ஜே1939 முறையில், என்ஜின் வேகம், குளிர்நீர் வெப்பம் போன்ற முக்கிய அளவுகளை ஈசியு தானே இடைவிடாமல் அறிவித்துக்கொண்டிருக்கும். லாரியின் போர்ட் ஒன்பது முனைகள் கொண்ட வட்டமாகவோ, கார்களில் உள்ளதைப் போன்ற பதினாறு முனை வடிவிலோ இருக்கலாம். முனைகள் பொருந்துவதாலேயே மின்னழுத்தமும் மொழியும் பொருந்திவிடும் என்று கொள்ளக்கூடாது.

உப்பு வைக்கும் தேர்வு

ஜே1939 முறையில் எரர் கோடு இரண்டு எண்களாக வருகிறது: எஸ்பிஎன் என்பது கோளாறு எந்த அளவைச் சார்ந்தது என்பதையும், எஃப்எம்ஐ என்பது அது எவ்வகைக் கோளாறு என்பதையும் சுட்டும். எஸ்பிஎன் 110 குளிர்நீர் வெப்பத்தைக் குறிக்கும். அதனுடன் எஃப்எம்ஐ 0 வந்தால் என்ஜின் உண்மையாகவே அளவு கடந்து சூடேறுகிறது என்று பொருள். 3 வந்தால் மின்குறி இயல்பைவிட உயர்ந்துள்ளது, 4 வந்தால் தாழ்ந்துள்ளது, 5 வந்தால் மின்னோட்டம் குறைந்துள்ளது அல்லது சுற்று அறுந்துள்ளது என்று பொருள். உப்பும் ஈரமும் கனெக்டர் முனைகளை அரிக்கும் இந்நிலப்பகுதியில் பின்னைய மூன்றும் எழுவது இயல்பு. அப்போது சென்சாரை மாற்றினாலும், குற்றம் கனெக்டரிலோ வயரிங்கிலோ இருந்தால், கோடு மீண்டும் எழும்.

ஆகவே, கோடு காட்டும் எண்ணோடு நில்லாமல், சாவியை மட்டும் திருப்பிய நிலையில் அளவு திரையில் ஓடிக்கொண்டிருக்க, வயரிங்கை மெல்ல அசைத்துப் பார்க்கும் சோதனை அவசியமாகிறது. அசைவுக்கேற்ப எண் துள்ளினால் பழுது சென்சாரைவிடக் கம்பியிலோ கனெக்டரிலோ இருக்கவே வாய்ப்பு மிகுதி. இரவு முழுதும் நின்ற வண்டியில், காலையில் என்ஜினை இயக்குமுன் குளிர்நீர், உள்ளிழு காற்று, எரிபொருள் ஆகியவற்றின் வெப்பங்கள் ஒன்றுக்கொன்று நெருங்கியிருக்க வேண்டும். கோடியக்கரை கடல்மட்டத்தை ஒட்டியிருப்பதால் வளிமண்டல அழுத்தம் 101 கிலோபாஸ்கலை ஒட்டியும், என்ஜின் இயங்காததால் புகைக்கரி வடிகட்டியான டிபிஎஃப்பின் இருபுற அழுத்த வேறுபாடு சுழியை ஒட்டியும் இருக்க வேண்டும். சென்சார் செயலிழந்தால் சில ஈசியுக்கள் மாற்று எண்ணை இட்டுக்கொள்வதால், அசையாமல் நிற்கும் எண்ணையும் ஐயத்தோடு பார்க்க வேண்டும். இச்சோதனைகளைச் செய்ய இயலாத கருவி, எவ்வளவு மலிவானதாயினும், உப்பு லாரிக்குப் பயன்படாது.

கிடைக்கும் வழிகள்

டாஷ்போர்டு விளக்கு செலவில்லாதது. ஆனால் பழுது இருக்கிறது என்று மட்டுமே சொல்லும்.

ஈஎல்எம்327 வகை புளூடூத் அடாப்டர் கைப்பேசிச் செயலியோடு இணைவது. விலை மிகக் குறைவு. 12 வோல்ட் சிறு வண்டியின் அடிப்படை அளவுகளைப் படிக்க இது போதுமானது. அசல் சில்லு ஜே1939 முறையை ஓரளவு அறியுமெனினும், சந்தையில் பரவிய போலிகளில் சில கட்டளைகள் விடுபட்டிருக்கும். பல செயலிகள் கார்களுக்குரிய அளவுகளை மட்டுமே கேட்கும். மேலும், 12 வோல்ட்டுக்கென மட்டும் செய்யப்பட்டவை, மின்னூட்டத்தின்போது 28 வோல்ட் வரை உயரும் லாரி மின்னழுத்தத்தில் கருகக்கூடும்.

கையடக்க ஜே1939 கருவி 24 வோல்ட்டுக்கென வடிவமைக்கப்பட்டது. எஸ்பிஎன், எஃப்எம்ஐ எண்களையும் ஓடும் அளவுகளையும் காட்டும். ஆயினும் தயாரிப்பாளர் தனக்கென வைத்துக்கொண்ட மொழியிலுள்ள நுண்விவரங்களை இது பெரும்பாலும் எட்டாது.

பல நிறுவன வண்டிகளுக்குமான பட்டறை ஸ்கேனர்கள், எடுத்துக்காட்டாக ஜால்டெஸ்ட், டெக்ஸா போன்றவை, பிரேக், கியர்பாக்ஸ் முதலியவற்றின் கணினிகளையும் எட்டுவதோடு, டிபிஎஃப்பில் சேர்ந்த கரியைக் கட்டளையிட்டு எரிக்கும் ரீஜெனரேஷனையும் செய்விக்கும். விலை அதிகம், மென்பொருள் புதுப்பிப்புக்கும் தொடர்ந்து செலவாகும்.

தயாரிப்பாளரின் சொந்த மென்பொருள், எடுத்துக்காட்டாகக் கம்மின்ஸ் என்ஜின்களுக்கான இன்சைட், மிக ஆழமாகச் செல்லும். ஆனால் குறிப்பிட்ட என்ஜினுக்கு மட்டுமே உதவும். அசோக் லேலண்டின் ஐஅலர்ட், டாடாவின் ஃப்ளீட் எட்ஜ் போன்ற இணையவழிச் சேவைகள் தொலைவிலிருந்து வண்டியைக் கண்காணிக்க ஏற்றவை. கனெக்டரை அசைத்துப் பார்க்கும் வேலைக்கு அவை மாற்றாகா.

யாருக்கு எது

மீன் ஏற்றும் ஒற்றைச் சிறு வண்டிக்கு, நம்பகமான 12 வோல்ட் அடாப்டரே போதும். ஒன்றிரண்டு உப்பு லாரிகளை வைத்திருப்பவருக்குக் கையடக்க ஜே1939 கருவி பொருத்தமானது. ஏனெனில் அவருக்குத் தேவைப்படுவது கம்பியா சென்சாரா என்பதைப் பிரித்தறியும் திறனே. நெல் லாரிகள் கொள்முதல் நிலையங்களில் நெடுநேரம் நின்றும் குறுந்தொலைவு மெல்ல ஓடியும் இயங்கும்போது, புகைக்குழாய் வெப்பம் போதிய அளவு உயராமல் டிபிஎஃப்பில் கரி சேர்கிறது. ஆதலால் பிஎஸ் 6 லாரிகள் பலவற்றை இயக்குவோரும், அவற்றைப் பழுதுபார்க்கும் வேதாரண்யம், திருத்துறைப்பூண்டிப் பட்டறையினரும் பட்டறை ஸ்கேனரில் முதலிடுவதே தக்கது. உரிமையாளர் பலர் சேர்ந்து ஒரே பட்டறையின் கருவியைப் பயன்படுத்துவது, ஒவ்வொருவரும் அரைகுறைக் கருவி வாங்குவதைவிடச் சிக்கனமானது.

கடைப்பிடிக்க வேண்டியவை

கோடுகளை அழிக்குமுன் அவற்றையும், கோளாறு எழுந்த கணத்தின் அளவுகளைப் பதிந்து வைக்கும் உறைபதிவையும் எழுதிக்கொள்ள வேண்டும். அழித்தால் தடயமும் சேர்ந்தே போய்விடும். நின்ற நிலையில் ரீஜெனரேஷன் செய்யும்போது புகைக்குழாயில் 550 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் எழுவதால், வைக்கோல், சாக்கு, நெற்குவியல் ஆகியவற்றின் அருகே அதை ஒருபோதும் செய்யலாகாது. டிபிஎஃப்பையும், யூரியாக் கரைசலால் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் அமைப்பையும் மென்பொருளால் முடக்கித் தருவதாக எவரேனும் முன்வந்தால் மறுத்துவிட வேண்டும்; அது சட்ட மீறல் மட்டுமன்று, பறவைகள் வலசை வரும் இக்கடற்கரையின் காற்றுக்கும் கேடு.

எந்தக் கருவியாயினும், விற்பவரின் பட்டியலை மட்டும் நம்பாமல், பணம் தருமுன் சொந்த வண்டியில் பொருத்தி, மேற்கூறிய காலைச் சோதனையைச் செய்து பார்ப்பது நல்லது. அந்த அளவுகளை அது ஒழுங்காகக் காட்டி, வயரிங்கை அசைக்கும்போது மாற்றத்தையும் உடனுக்குடன் காட்டினால், அதுவே அவ்வண்டிக்கு உரிய கருவி. காட்டாவிடில், பெட்டியில் எத்தனை வண்டிப் பெயர்கள் அச்சிடப்பட்டிருந்தாலும் அதை வாங்க வேண்டியதில்லை.