வீடு தேடி வரும் இயன்முறை மருத்துவம்

இராசகிரிக் கோட்டையின் அடிவாரத்தில் வாழும் நமக்குப் படியேறுதல் புதிதன்று. ஆனால் பக்கவாதத்தால் படுத்துவிட்ட முதியவருக்கு வீட்டு வாசற்படியே மலையாகிவிடுகிறது. அவர் மருத்துவமனைக்கு எவ்வாறு செல்வார்?

இக்குறையை நீக்கவே, 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் அரசுத் திட்டம் தொடங்கப்பட்டது. பெண் தன்னார்வலர்கள் மாத்திரைகளை வீட்டிற்கே கொண்டு வருகின்றனர். தேவைப்படுவோரை இயன்முறை மருத்துவரும் வந்து பார்க்கிறார். 2024-இல் இத்திட்டம் ஐக்கிய நாடுகள் அவையின் விருதைப் பெற்றது.

மாத்திரை இரத்தக் கொதிப்பை அடக்கும். மடங்கிய கையை நிமிர்த்தாது. அசையாத மூட்டு இறுகும். உழைக்காத தசை மெலியும். ஆகவே இயன்முறை மருத்துவர் மூட்டுகளை மெல்ல அசைத்து, உட்காரவும் நிற்கவும் நடக்கவும் படிப்படியாகப் பழக்குகிறார். மூட்டுவலியுள்ளோர்க்குத் தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி தருகிறார். உழைக்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்வதால், உடற்பயிற்சி நீரிழிவுக்கும் நல்லது.

எனினும் பல ஊர்களுக்குச் செல்லும் அவர், நாள்தோறும் நம் வீட்டிற்கு வர இயலாது. அவர் வராத நாட்களில் பயிற்சியைத் தொடர்வது வீட்டாரின் கடமை. "பாவம், படுத்திருக்கட்டும்" என்று விட்டுவிடுவது இரக்கமன்று. அதேபோல், செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கலாகாது, தோள்மூட்டு கெட்டுவிடும். வலி மிகுந்தால் நிறுத்தி, மருத்துவரிடம் கூற வேண்டும்.

முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் சுமந்து இயேசுவிடம் கொண்டு சென்றதை விவிலியத்தில் படிக்கிறோம். அன்புத் தோழியரே, நம் வீட்டுப் பெரியோர் எழுந்து நடக்க நாள்தோறும் அரைமணி நேரம் நாமும் தோள் கொடுப்போம்!