சளியா, நோயா? குளிர்காலக் குறிப்புகள்

ஊரில் கார்த்திகை என்றால் மழை. மும்பையிலோ அப்போது மழை ஓய்ந்து, வறண்ட காற்றும் தூசியும் தொடங்கிவிடும். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என எங்கும் பிப்ரவரி வரை இருமல் சத்தம்தான். "பனி ஒத்துக்கொள்ளவில்லை" என்பார்கள் நம்மவர்கள். பனி மட்டுமே காரணமல்ல.

காரணம் என்ன?

மற்ற மாதங்களில் கடற்காற்று நகரத்தின் புகையை அகற்றிவிடும். குளிர்காலத்தில் அது வலுவிழக்கிறது. இரவில் தரையையொட்டிய காற்று குளிர்ந்து கனக்க, மேலேயுள்ள வெப்பக்காற்று அதன்மீது மூடிபோல் அமர்ந்துவிடுகிறது. வாகனப் புகையும் கட்டட வேலைத் தூசியும் அதற்குள் அடைபடுகின்றன. 2016 ஜனவரி இறுதியில் தேவநார் குப்பைக் கிடங்கு எரிந்தபோது புகை சூழ்ந்து, பள்ளிகளை மூட நேர்ந்ததைச் செம்பூர் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

புகையால் புண்பட்ட மூச்சுக்குழாயில் கிருமி எளிதில் தொற்றும். கதவையும் சன்னலையும் அடைத்து ஓர் அறையில் ஆறு பேர் படுத்தால், ஒருவரின் சளி அனைவருக்கும் பரவும்.

வீட்டில் செய்யவேண்டியவை

1. தினமும் சிறிது நேரமாவது கதவு, சன்னலைத் திறந்து வையுங்கள். கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகையைக் குறையுங்கள்.

2. இருமும்போது துணியால் வாயை மூடுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

3. சாதாரணச் சளி வைரஸால் வருவது. பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானே குறையும். சுக்குக் காப்பியும் மிளகு ரசமும் தொண்டைக்கு இதம். மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் மாத்திரை வைரஸை ஒன்றும் செய்யாது.

4. முதியோரும் ஆஸ்துமா, சர்க்கரை நோய் உள்ளவர்களும் ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

எப்போது தாமதிக்கக்கூடாது?

குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது, ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுங்கள். 2 மாதம் நிரம்பாத குழந்தைக்கு 60, ஒரு வயதுவரை 50, ஐந்து வயதுவரை 40. இந்த அளவை எட்டினாலோ, மூச்சிழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ நிமோனியாவாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

பெரியவர்களுக்கு இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் அதைச் சளி என்று ஒதுக்காதீர்கள். மாலைக் காய்ச்சல், எடைக்குறைவு, சளியில் இரத்தம் இருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்கவேண்டாம். காசநோய்க்கான பரிசோதனையும் மருந்தும் மாநகராட்சி மருத்துவமனைகளில் இலவசம். பெரும்பாலோருக்கு ஆறு மாத மருந்திலேயே குணமாகும்.

இங்கேதான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகையில் மருந்தை விட்டுவிடுகிறார்கள். பாதியில் விட்டால் நோய் மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். புறப்படுமுன் சிகிச்சை மையத்தில் சொல்லுங்கள். ஊரிலுள்ள அரசு மருத்துவமனையில் தொடர வழியுண்டு. "வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாது" என்று மறைப்பவர்களும் உண்டு. மறைத்த இருமல் முதலில் தொற்றுவது அந்தப் பெண்ணுக்குத்தான்.

2020 ஏப்ரல் 1-ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டபோது நாடே அஞ்சியது. மாநகராட்சி ஊழியர்களும் உள்ளூர் மருத்துவர்களும் வீடு வீடாகச் சென்று காய்ச்சல் உள்ளவர்களைத் தேடிப் பரிசோதித்துத் தனிமைப்படுத்தினார்கள். அவ்வாண்டு ஜூலையில் உலக சுகாதார நிறுவனத் தலைவரே தாராவியைப் பாராட்டினார். மறைக்காமல் முன்கூட்டியே கண்டறிந்ததே அதற்கு உதவியது. நம் வீட்டு இருமலுக்கும் அதுவே வழி.